மூடி மூடியே துருப்பிடிக்க விட்ட பார்பிக்யூ

2021 ஏப்ரல் கடைசி. கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஸ்னோ எல்லாம் உருகி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு மாதமாகக் கையே வைக்காத கேஸ் பார்பிக்யூ அடுப்பின் கவரைக் கழற்றினேன். தடித்த கறுப்பு வினைல் கவர், அடியில் கயிறு இழுத்துக் கட்டுகிற மாதிரி, தரை வரைக்கும் இறங்கும். இரண்டு நாளாக மழையே இல்லை, ஆனால் கவரின் உட்புறம் நனைந்த கோணி மாதிரி கனத்தது, மூடியின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். மூடியைத் தூக்கினால் கம்பித் தட்டின் மேல் டிரையர் பஞ்சும் நாற்காலி மெத்தையின் ஸ்பாஞ்சும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு. மூன்று பர்னரில் நடுவில் இருந்ததை விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி பொரபொரவென்று உதிர்ந்து விழுந்தது.

வாங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அதை நான் திறந்து போட்டதில்லை. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுகிற வீட்டில் வளர்ந்தவன், பொருள் என்று வாங்கினால் மூடித்தான் வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. சமைத்து முடித்து, சாப்பிட்டு, தூங்கப் போகும் முன் மறக்காமல் போய்ப் போர்த்திவிட்டு வருவேன், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை (யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக இதே தெருவில் இருப்பவர்) எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதை மூடி மூடியே கறள் பிடிக்க விட்டிட்டீர். உள்ளுக்கை ஈரம் நிண்டா என்ன செய்யும்? நான் ஒருநாளும் மூடுறேல்லை." உதை என்றால் இதை, கறள் என்றால் துரு. நம்ம ஊர்ச் சொல்லைவிட அது கொஞ்சம் பொருத்தமாகவே இருந்தது அன்றைக்கு. அவருடைய கரி அடுப்பு ஒன்பது குளிர்காலம் மழையிலும் ஸ்னோவிலும் நின்றும் புதுசு மாதிரி பளபளத்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

சூடான இட்லியைப் பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தால் மூடியின் அடியில் வேர்த்துச் சொட்டும் இல்லையா, கவருக்குள் நடந்ததும் அதேதான். பகலில் வெயில் கறுப்புக் கவரைச் சூடாக்குகிறது, டெக்கின் (பின்வாசல் மரத்தளம்) பலகையில் இருக்கும் ஈரமும் உள்ளே தங்கிய ஈரமும் ஆவியாகிக் கவருக்குள்ளேயே சுற்றுகிறது, வினைல் மூச்சு விடாது என்பதால் வெளியே போக வழியில்லை. ராத்திரி இரும்பு குளிர்ந்ததும் அந்த ஆவி முழுக்க இரும்பின் மேல் தண்ணீராக இறங்குகிறது. மார்ச், ஏப்ரலில் இங்கே பகலில் பத்து டிகிரி, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே என்று தினமும் ஆடும், அதனால் இந்தக் கூத்து தினமும் நடக்கும். மழையில் நனைந்த இரும்பு காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். என்னுடையது மாதக்கணக்கில் காயவே இல்லை.

சரி, ஈரம் மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வாரம் டெக்கைக் கழுவும்போதுதான் கவனித்தேன், கவரின் கீழ் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு! பின்வாசல் படியில் வழுக்கக்கூடாது என்று குளிர்காலம் முழுக்க நான்தான் ஐஸ் உருக்கும் உப்பை அள்ளி அள்ளி வீசியிருக்கிறேன், பார்பிக்யூ நிற்பது படிக்கு நாலடி தள்ளி. உப்பு கலந்த சேறு கவரின் ஓரத்தில் ஊறி, துணித் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி மேலே ஏறி, கால் வழியாகவும் அடித்தட்டு வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. இந்த ஊர்க் கார்களின் அடிப்பாகம் ஏன் அப்படி அரித்துப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதே உப்பை வீட்டுக்குள் நானே வரவேற்றிருக்கிறேன்.

ஆனால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தானே விற்றார்கள்? எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நம்பிக்கை வந்துவிடும். அதில் ரகங்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 430 என்பதில் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது, விலை குறைவு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையுமே காப்பாற்றுவது மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம், உப்பில் இருக்கும் குளோரைடு அதைத்தான் ஊசி குத்துகிற மாதிரி குத்திக் குத்தி ஓட்டை போடுகிறது. 430 அந்த அடியை அவ்வளவாகத் தாங்காது. ஃபிரிட்ஜில் பில் ஒட்டி வைத்திருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் மூடியில் வைத்துப் பார்த்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. 304 தகட்டில் காந்தம் அநேகமாக ஒட்டாது. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அப்புறம் அண்ணையின் அடுப்பு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் மூடாததால் மட்டும் அது பிழைத்துக் கிடக்கவில்லை. அது வெபர் கெட்டில் என்ற உருண்டை அடுப்பு, இரும்பின் மேல் பீங்கான் எனாமல் பூச்சு, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. எனாமல் தெறித்து உரியாத வரைக்கும் மழை அதை ஒன்றும் செய்யாது. அந்த உருண்டை வடிவமே காற்றோடு நடந்த சண்டையில் பிறந்ததுதான்: சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், திறந்த அடுப்பில் காற்று சாம்பலைத் தூக்கிச் சாப்பாட்டில் போடுவதில் வெறுத்துப்போய், 1952இல், அங்கே தண்ணீரில் மிதக்கவிடச் செய்துகொண்டிருந்த இரும்பு மிதவையைப் பாதியாக வெட்டிக் கால் வைத்து, மேலே மூடியும் போட்டார். ஆக அந்த அடுப்புக்கு மூடியே ஒரு கவர் மாதிரிதான். அண்ணை செய்கிற உருப்படியான காரியம் வேறு. ஒவ்வொரு தடவையும் சாம்பலை ஆறவைத்துக் கொட்டிவிடுவார். கரிச் சாம்பல் ஈரத்தை இழுத்துக் காரத்தன்மை பெற்று, தகட்டைத் தின்றுவிடும், காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகியும் விடும். கரி அடுப்பைச் சாம்பலோடு மூடி வைப்பவர்கள் வெளி மழையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், உள்ளிருப்பதே போதும்.

புது கேஸ் பார்பிக்யூ வாங்கியபோது கவரே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடையில் கூடவே ஒன்று தள்ளிவிட்டார்கள், பாலியஸ்டர், இரண்டு பக்கமும் காற்றுப் போக மடிப்பு வைத்த ரகம். 2022 மே 21, விக்டோரியா டே நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை, தெற்கு ஒண்டாரியோவையே புரட்டிப் போட்ட டெரேச்சோ புயல் அடித்ததே, டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 120 கிலோமீட்டர் வேகம் பதிவான நாள், அன்றைக்கு அந்தக் கவரோடுதான் என் பார்பிக்யூ நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கவர் பாய்மரம் மாதிரி உப்பி, கீழே சக்கரம் வேறு, வண்டி தானாக டெக்கின் ஓரம் வரைக்கும் உருண்டு போய்க் கைப்பிடிக் கம்பியில் முட்டி நின்றது. கம்பி இல்லையென்றால் தோட்டத்தில் கிடந்திருக்கும். கவர் போடுவதென்றால் சக்கரத்தைப் பூட்டாமல் போடாதீர்கள்.

கவரை முழுக்கத் திட்டவும் மனசில்லை. உறைமழை பெய்து மூடி ஐஸாக ஒட்டிக்கொள்ளும் நாளில் அது இல்லாமல் திறக்கவே முடியாது. பறவை எச்சம், மேப்பிள் மரத்துப் பிசுபிசுப்பு இதெல்லாம் கவர் மேலேயே நின்றுவிடும். ஆனால் எலிக்கும் சிலந்திக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது: இருட்டு, காற்று இல்லை, சாப்பிடக் கொழுப்பு. எலி ரப்பர் குழாயைக் கடித்திருந்தால் வாயு கசியும், வசந்தத்தில் முதல் தடவை பற்றவைக்கும் முன் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். சிலந்தி இன்னும் மோசம், பர்னருக்குள் வாயுவும் காற்றும் கலக்கிற குழாயில் போய் வலை பின்னும், அடைத்துக்கொண்டால் நெருப்பு பர்னரில் எரியாமல் பின்னால் வந்து, தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் எரியும். சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், சிலந்தி வலையால் பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாய் அடைபடுகிறது என்று 2011இல் மாஸ்டா கம்பெனியே ஆயிரக்கணக்கான மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. நான் வசந்தத்தில் பர்னரைக் கழற்றி பாட்டில் கழுவும் பிரஷை உள்ளே விட்டு இழுப்பேன், பத்து நிமிஷ வேலை.

இப்போது என் வழக்கம் இதுதான். மே முதல் அக்டோபர் வரை கவர் போடுவதே இல்லை, நனையட்டும், காயட்டும். சமைத்து முடித்ததும் தீயைக் கூட்டி மூடியைச் சாத்திப் பத்து நிமிஷம் விட்டால் ஒட்டியிருப்பது கருகிவிடும், சுரண்டிவிட்டு, வார்ப்பிரும்புத் தட்டில் லேசாக எண்ணெய் தடவுவேன். அம்மா தோசைக்கல்லுக்குச் செய்வதுதான், தோசைக்கல்லை யாராவது பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பார்களா? கொழுப்பு விழும் கிண்ணத்தை அன்றன்றைக்கே காலி செய்துவிடுவேன், இல்லையென்றால் ரக்கூன் வந்து செய்துவிடும், டெக்கில் கொட்டிவிட்டு. நவம்பரில் ஒரு முழு நாள் ஒதுக்கி உள்ளும் புறமும் கழுவி, பற்றவைத்தே நன்றாக உலர்த்தி, முழுக்க ஆறிய பிறகுதான் கவர் (ஒரு தடவை அவசரப்பட்டதில் கவரின் ஓரம் உருகி வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது). கவரின் ஓரம் டெக்கில் படாமல் ஒரு சாண் மேலே நிற்கும்படி மடித்துக் கிளிப் போட்டிருக்கிறேன், குளிர்காலத்தில் வெயில் காய்கிற நாளில் ஒரு பக்கத்தைத் தூக்கி விடுவேன். படியில் உப்புக்குப் பதில் மணல்.

கராஜில் வைத்துவிட்டால் தொல்லையே இல்லையே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம், சிலிண்டரைக் கழற்றி வெளியே நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டியை மட்டும். புரோப்பேன் சிலிண்டர் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வரவே கூடாது. குளிரில் அதற்கு ஒன்றும் ஆகாது, புரோப்பேனின் கொதிநிலையே மைனஸ் 42 டிகிரி, இந்த ஊர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் கழுத்தில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், கனடாவில் பத்து வருஷம் தாண்டினால் மறுபரிசோதனை இல்லாமல் நிரப்ப மாட்டார்கள். எங்கள் கராஜில் இரண்டு சைக்கிள், ஒரு கட்டில், ஊருக்கு அனுப்ப வேண்டிய நாலு பெட்டி இருப்பதால் எனக்கு அந்தப் பேச்சே இல்லை.

புதுசுக்கு இப்போது நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. பர்னர் மூன்றும் முழுசாக இருக்கின்றன, அடியில் இரண்டு போல்ட்டில் மட்டும் துரு. கவர் போடாததற்கு வெயில் வசூலித்ததும் உண்டு: கைப்பிடியின் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, குமிழ்களைச் சுற்றி இருந்த எழுத்தெல்லாம் அழிந்து போய், போன கோடையில் விருந்துக்கு வந்த மச்சான் சின்னத் தீ என்று நினைத்துப் பெருந்தீயில் கோழியைக் கரியாக்கிவிட்டார். இப்போது மூன்று குமிழிலும் 'ஆஃப்' இருக்கும் இடத்தில் மனைவி சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள்.