1955 வீட்டில் கூரை எலி: சன்னிவேல் (கலிஃபோர்னியா) நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025, சனி

பின்பக்க எலுமிச்சை மரத்தில் சில காய்களுக்குத் தோலே இல்லை. சதை மட்டும் அப்படியே தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஆரஞ்சுப் பழங்களில் இதற்கு நேர்மாறு: உள்ளே காலி, தோல் முழுசாக இருக்கிறது. இரண்டுமே கூரை எலியின் வேலை. வால் உடம்பைவிட நீளமாக இருக்கும். மரம், வேலி, வயர் எதிலும் ஏறும். ராத்திரியில் ஆட்டிக்கில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், கேட்கிற ஓட்டத்துக்கும் இதுதான் காரணம்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். "பொறி வாங்கி மசால் வடையைக் குத்தி வைடா, மறுநாளே விழுந்துரும்" என்றார். பொறி வைக்கத்தான் போகிறேன். ஆனால் வருகிற வழியை அடைக்காமல் பொறி மட்டும் வைத்தால், வருஷம் பூரா வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அரை அங்குல இடைவெளி போதும், எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே தாராளம். பென்சில் உள்ளே போனால் அது அடைக்க வேண்டிய ஓட்டை என்று வைத்துக்கொண்டேன்.

செர்ரி, ஆப்ரிகாட் தோட்டங்களை அழித்து ஐம்பதுகளில் வரிசையாகக் கட்டிய, மாடி இல்லாத ராஞ்ச் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற கிரால் ஸ்பேஸ், மேலே தாழ்வான ஆட்டிக். அன்று கட்டியவர்கள் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஓட்டைகள் எல்லாம் அப்புறம் வந்தவை. பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுச் செம்புக் குழாய் போட்டவர், சிங்குக்கு அடியில் பெரிய துளையை அப்படியே விட்டுப் போயிருக்கிறார். ஏசி குழாய் சுவரில் நுழையும் இடத்தில் யாரோ ஃபோம் அடித்திருக்கிறார். அதை எலி கடித்துத் துப்பியிருக்கிறது. கேபிள் போட்டவர், டிரையர் குழாயை மாற்றியவர் என்று எழுபது வருஷத்தில் வந்து போன ஒவ்வொருவரும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கிரால் ஸ்பேஸின் காற்றோட்டத் துளைகளில் இருந்த கம்பி வலை துருப்பிடித்து, தொட்டாலே உதிர்கிறது. இந்த ஏரியாவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் கிச்சன் கவுன்டரைப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது இந்த வலைகளைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

எங்கள் மாவட்டமான சான்டா கிளாரா கவுண்டியின் வெக்டர் கன்ட்ரோல் (நோய் பரப்பும் எலி, கொசு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும்) பிரிவிலிருந்து வந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு இது இலவசம். கூரையைத் தொடும் கிளைகளைக் குறைந்தது நான்கு அடி தள்ளி வெட்டச் சொன்னார்கள். நான் பார்க்காத ஒரு வழியையும் காட்டினார்கள்: இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலையில், ஓரப் பலகைக்குப் பின்னால் ஒரு சந்து.

ஆட்டிக்கில் பழைய ஹீட்டர் குழாய்களின் இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் அது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எலி புழுக்கையைக் கூட்டுகிறேன் என்று அதைக் கிளறிவிடக் கூடாது. பரிசோதனை முடியும்வரை அந்தப் பக்கம் கை வைக்கப் போவதில்லை.

அக்டோபர் 18, சனி

ஒரு கம்பெனிக்காரர் வந்து, மாதாமாதம் விஷப்பெட்டி வைக்க ஒப்பந்தம் போடலாம் என்றார். ஓட்டைகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். விஷம் தின்ற எலி சுவருக்குள் செத்தால் வாரக்கணக்கில் நாற்றம். அதைவிட, மயங்கித் திரியும் எலியைப் பிடிக்கிற ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேர்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் வாழ்ந்த பி-22 என்ற மலைச்சிங்கத்தின் ரத்தத்தில்கூட 2014இல் எலி விஷம் இருந்தது. கலிஃபோர்னியாவில் ரத்தத்தை உறையவிடாமல் கொல்லும் வீரியமான எலி விஷங்களைப் பெரும்பாலான இடங்களில் 2021 முதல் பயன்படுத்த முடியாது. அதே வகையைச் சேர்ந்த டிஃபாசினோன் 2024இலும், வார்ஃபாரின் இந்த வருஷமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நல்ல சட்டம்.

அக்டோபர் 25, சனி

துளைகளில் செம்புக் கம்பிச் சுருளைத் திணித்து, மேலே சீலன்ட் பூசியாகிவிட்டது. காற்றோட்டத் துளைகளுக்குக் கால் அங்குலக் கண் உள்ள கனமான வலை.

புதுப் பொருள் எதையும் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். அதனால் பொறிகளை முதலில் இழுத்து மாட்டாமல், பீனட் பட்டர் மட்டும் தடவி வைத்தேன். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகுதான் மாட்டினேன். பொறியின் இரை வைக்கிற முனை சுவரைத் தொட்டபடி, குறுக்காக வைக்க வேண்டும். எலி சுவரோரமாகத்தான் ஓடும். அடுத்தடுத்து விழுந்தன. "வடை வெச்சிருந்தா இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கும்" என்கிறார் அம்மா.

நவம்பர் 2, ஞாயிறு

சத்தம் நின்றுவிட்டது. டேப் சுற்றிய குழாய்ப் பக்கம் போகாமல், ஆட்டிக் வாசலை ஒட்டிய பகுதியை மட்டும் சுத்தம் செய்தேன். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது, தூசியோடு கிருமி மூக்கில் ஏறும். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பேப்பர் டவலால் துடைத்தெடுத்தேன்.

கராஜ் கதவின் அடி ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்திருக்கிறது. அதை இந்த வாரம் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசிவிட்டேன். ஆரஞ்சு மரக் கிளையை வெட்டவும் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கவும் சம்மதித்தார். அவருடைய வீடும் அதே வருஷம் கட்டியதுதான். சனிக்கிழமை அவர் வீட்டு வலைகளைப் பார்க்கப் போகிறோம்.