முருங்கை இலையில் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்: எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் இடறும் இடங்கள்

வைவாவில் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: "இலைச்சாறு ஜிங்க் அயனியை என்ன செய்தது?" ஒடுக்கியது (எலக்ட்ரான் தந்து உலோகமாக்கியது) என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளி, தங்கத் துகள்களுக்குத்தான் அந்தப் பதில் பொருந்தும். ஜிங்க்கின் ஒடுக்க மின்னழுத்தம் −0.76 வோல்ட், இலையிலுள்ள பாலிஃபீனால்களால் அதை உலோகமாக்க முடியாது. ஆக்சைடிலும் ஜிங்க் +2 நிலையில்தான் இருக்கிறது. சாறு அயனியைப் பற்றிக்கொண்டு துகள் பருக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஹைட்ராக்சைடாக வீழ்த்துவது காரம், ஆக்சைடாக முடிப்பது சூடு.

நிழலில் உலர்த்திய இலைப்பொடி 5 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 70 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, வாட்மேன் 1 தாளில் இருமுறை வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 2.195 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் 0.1 மோலார். 60 டிகிரியில் கலக்கிக்கொண்டே 20 மி.லி. சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 10 வரை கொண்டுபோங்கள். சுமார் 20 மி.லி. பிடிக்கும். அவசரப்பட்டு 13-ஐத் தாண்டினால் வீழ்படிவு ஜிங்கேட்டாகத் திரும்பக் கரைந்துபோகும். கழுவிய நீரின் பி.எச். 7-க்கு வரும்வரை சென்ட்ரிஃபியூஜில் கழுவி, கடைசியாக ஒருமுறை எத்தனாலில் கழுவுங்கள். 80 டிகிரியில் உலர்த்தி, மஃபிள் ஃபர்னஸில் 400 டிகிரியில் 2 மணி நேரம்.

க்ரூசிபிளைச் சூட்டோடு திறந்தால் பொடி மஞ்சளாகத் தெரியும். பதற வேண்டாம், ஆறினால் வெளுக்கும். அது ஜிங்க் ஆக்சைடின் இயல்பு. ஆறிய பிறகும் சாம்பல் நிறமாகவே இருந்தால்தான் கரி மிச்சம். எடை போட்டுப் பாருங்கள்: இந்த அளவுக்கு அதிகபட்சம் 0.81 கிராம்தான் வர வேண்டும். கூடுதலாக வந்தால் சோடியம் உப்போ இலையின் சாம்பலோ கலந்திருக்கிறது. இன்னொன்று: 400 டிகிரியில் சுட்டபின் "தாவரச் சேர்மங்கள் துகளைப் போர்த்தியிருக்கின்றன" என்று எழுதாதீர்கள். அவை எரிந்துபோயிருக்கும்.

யூ.வி.யில் 370 நானோமீட்டர் அருகே வரும் உறிஞ்சலைப் பிளாஸ்மான் (உலோகத் துகளின் எலக்ட்ரான்கள் கூட்டாக அதிர்வது) என்று எழுதுவதும் தவறு. அது எலக்ட்ரான் பேண்ட் இடைவெளியைத் தாண்டுவதால் வருவது. எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அறியும் சோதனை) 31.8, 34.4, 36.3 டிகிரி உச்சிகள் மூன்றும் ஜிங்க் ஆக்சைடுக்கான 36-1451 ஒப்பீட்டு அட்டையோடு பொருந்த வேண்டும். உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைக் காணும் ஷெரர் கணக்கில் சறுக்குவது ரேடியனில்தான். 36.3-இல் அரை உயர அகலம் 0.4 டிகிரி என்றால் அது 0.00698 ரேடியன், விடை சுமார் 21 நானோமீட்டர். டிகிரியாகவே போட்டால் 0.36 வரும், ஒரு அலகுக் கூட்டின் நீளமான பக்கத்தைவிடச் சிறியது!

உண்மையான சோதனை எம்.டி.டி.யில்தான்: துகள் புற்றுசெல்லைக் கொல்கிறதா என்று, உயிரோடுள்ள செல் ஊதாவாக்கும் சாயத்தால் அளப்பது. 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல், 24 மணி நேரம் ஒட்டவிட்டு, துகள் சேர்த்து மறுபடி 24 மணி நேரம். ஸ்டாக்கை (துகளின் அடர்கலவை) நீரில் 15 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள், அதாவது மீயொலியால் கலைத்துவிடுங்கள். பாஸ்பேட் பஃபரில் வைத்தால் ஜிங்க் பாஸ்பேட்டாகப் படியும். ஒவ்வொரு நீர்ப்பிலும் பைப்பெட் வைக்கும் முன் குலுக்காவிட்டால் துகள் அடியில் படிந்து, எடுக்கும் அளவு தப்பாகும். இலைச்சாறு செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கும், துகள் ஒளியைச் சிதறடித்து 570-இன் அளவீட்டைக் கூட்டும். ஆகவே செல் இல்லாத குழிகளிலும் அதே அளவுகளை வைத்துக் கழியுங்கள். எம்.டி.டி. ஊற்றும் முன் ஊடகத்தை மாற்றுங்கள்.

துகளும் சாறும் மட்டும் வைத்து ஓட்டினால், செல்லைக் கொன்றது எது என்று சொல்லவே முடியாது. லைசோசோமின் (செல்லின் செரிமானப் பை) அமிலத்தில் ஜிங்க் ஆக்சைடு கரைந்து அயனியாகிறது. நச்சுத்தன்மையில் பெரும்பங்கு அதற்குண்டு. 100 மைக்ரோகிராம் ஆக்சைடில் உள்ள ஜிங்க்குக்கு ஈடு, ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 353 மைக்ரோகிராம். அந்தக் குழியையும் கட்டாயம் சேருங்கள்.

இயல்பான செல்லிலும் ஐ.சி.50 (செல் உயிர்ப்பைப் பாதியாக்கும் செறிவு) எடுத்து, அதைப் புற்றுசெல்லின் ஐ.சி.50-ஆல் வகுங்கள். விடை 1-ஐ ஒட்டி வந்தால் அது வெறும் நஞ்சு. தலைப்பில் "புற்றுநோய் எதிர்ப்பு" என்று போட மனம் ஒப்பக் கூடாது. இயல்பான கல்லீரல் என்று சாங் லிவர் செல்லையும், வாய்ப்புற்று என்று கே.பி. செல்லையும் வாங்கி ஒப்பிடாதீர்கள். இரண்டுமே ஹீலா செல் கலந்து கெட்டவை என்று உறுதியாகியிருக்கிறது; கருப்பைவாய்ப் புற்றுசெல்லை அதனோடேயே ஒப்பிட்டதாகிவிடும்.