திருப்பூர், சனிக்கிழமைச் சம்பளம்

பிப்ரவரி 12, 2025

வீட்டுக்காரருக்கு டிபி என்று உறுதியாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. எங்கள் செலவெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. தீபாவளிக்கு முன்பிருந்தே இருமல். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்கு இருமாதவர் யார்? தெருமுனை டாக்டரிடம் டானிக், அப்புறம் ஊசி, அப்புறம் வேறொரு டாக்டர், ஸ்கேன். என் தோடு அடகுக்குப் போனது அந்த ஸ்கேனுக்குத்தான்.

பிப்ரவரி 15, சனி

இன்று அவருக்குச் சம்பளம் இல்லை. ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். தைத்தால்தான் கூலி. என் செக்கிங் கூலி வாடகைக்குச் சரியாகப் போகும். திங்கட்கிழமை குழு லோன் தவணை கட்ட வேண்டும்.

பிப்ரவரி 21

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். அதில் டிபி நீண்டகால நோய்ப் பட்டியலில் வருகிறதாம். இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் கூலியில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும். இவர் அதே ஷெட்டில் பல வருஷமாகத் தைக்கிறார். ஆனால் காண்ட்ராக்ட் ஆள், பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன்.

"இஎஸ்ஐ புடிச்சா கைக்கு வர்றது கொறையும்னு உங்க ஊட்டுக்காரர்தான் வேண்டாம்னாரு, அம்மிணி."

அவரைக் கேட்டால், யாரும் என்னிடம் கேட்கவே இல்லை என்கிறார். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம். நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய்! அதையா வேண்டாம் என்றிருப்பார்?

மார்ச் 5

சத்துணவுக்கு அரசு தரும் பணம் முதல் தவணை வந்தது, 3000. மாதம் 500 ஆக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கி, மூவாயிரமாக இரண்டு தவணையில் போடுகிறார்கள். மெசேஜ் பார்த்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த மெசேஜ். செல்போன் தவணை கட்டாததற்கு வங்கி அபராதம் பிடித்துவிட்டது. முட்டைக்கு வந்த பணம்!

அவர் எடை 41 கிலோ, அதற்குத் தினம் மூன்று மாத்திரை. மருந்து ஏற ஏற நல்ல பசி எடுக்கிறது. குணமாகிறார் என்று அர்த்தமாம். அரிசி டப்பாவுக்கு இதை யார் சொல்வது?

மார்ச் 24

உலகக் காசநோய் தினம். ஆஸ்பத்திரி வாசலில் பேரணி, பேனர். வருஷ வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை இந்த நோய் தின்றுவிட்டால் அது பேரழிவுச் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. போன கூலியும் அதில் சேர்த்தி. 2020க்குள் ஒரு குடும்பத்துக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். உலகத்தில் இந்த நோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி இன்னும் அதில்தான் இருக்கின்றன. நானும் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். ஸ்கேன், வட்டி, அவர் விட்ட கூலி... நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம்.

ஏப்ரல் 17

சளியில் இப்போது கிருமி இல்லை. இன்னும் நாலு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அவர் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திங்கள் முதல் பிசிறு வெட்ட வரச் சொல்லியிருக்கிறார் காண்ட்ராக்டர், பாதிக் கூலிக்கு. சரி என்றோம். இஎஸ்ஐ பதிவு பற்றி இந்தத் தடவை வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே காண்ட்ராக்டரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம்.