மூன்றாவது வில்லும் காலையின் முதல் அம்பும்

நானே செய்த முதல் வில் 19 அங்குல இழுப்பில் முறிந்தது. இரண்டாவது முறியவில்லை, ஆனால் நாணைக் கழற்றிய பிறகும் வாழைமட்டை மாதிரி வளைந்தே கிடந்தது. மூன்றாவதை வைத்துத்தான் இப்போது எய்துகொண்டிருக்கிறேன். ஒன்றரை வருடக் குறிப்பேட்டைப் புரட்டினால், மரத்தைப் பற்றி எழுதியதைவிட என் பேராசையைப் பற்றி எழுதியதுதான் அதிகமாக இருக்கிறது.

எல்லாம் மேரி ரோஸ் கப்பலால் வந்த வினை. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே தூக்கப்பட்ட அந்த ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 137 நெடுவில்கள் முழுசாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் இழுவிசை, அதாவது நாணை முழுசாக இழுக்கத் தேவையான பலம், 100 பவுண்டுக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும், 60 பவுண்டுகூட இல்லையென்றால் அதெல்லாம் ஒரு வில்லா என்று தோன்றிவிட்டது. அந்த வில்லாளிகள் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள், அவர்கள் எய்தது ஒரு படையை நோக்கி, மானை நோக்கி அல்ல என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

முதல் வில்லுக்கு ஓக் பலகை. வில்லில் குறியைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு, நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. அதனால் முதுகில் மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். என் பலகையில் கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி நார் சரிந்து ஓரத்தில் வெளியேறியிருந்தது. பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டேன். அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் முறிந்தது.

இரண்டாவதற்கு ஹிக்கரி என்ற மரம். பழைய ஆங்கிலேய வில்கள் யூ மரத்தில் செய்யப்பட்டவை. யூ மரத்தின் வைரப்பகுதி நசுங்கலைத் தாங்கும், வெளிப்புற வெளிர் மரம் இழுப்பைத் தாங்கும். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டையில் வெட்டி எடுத்தால் இயற்கையே ஒட்டிக் கொடுத்த வில். ஹிக்கரி அப்படியில்லை. அதன் முதுகு லேசில் முறியாது, ஆனால் வயிறு சீக்கிரம் நசுங்கி அப்படியே நின்றுவிடும். அகலமாக, தட்டையாக, நன்றாகக் காயவைத்துச் செய்ய வேண்டிய மரம் அது. நான் யூ வில்லைப் போல ஒடுக்கமாக, வயிறு உருண்டையாகச் செதுக்கினேன். மரமும் சரியாகக் காயவில்லை. வளைவு சீராக வருவதற்கு முன்பே 60 பவுண்டு வரை இழுத்துப் பார்க்கும் அவசரம் வேறு. மூன்று அங்குலம் வளைந்த வளைவு அப்புறம் நிமிரவே இல்லை. அதில் விட்ட அம்பு சோம்பலாகத்தான் போனது.

மூன்றாவதும் ஹிக்கரிதான். ஆனால் இந்தத் தடவை நீளம் 70 அங்குலம், கைப்பிடிக்குப் பக்கத்தில் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம், வயிறு தட்டை. கட்டையை உலர்ந்த அறையில் வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன். எடை குறைவது நின்ற பிறகுதான் இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

வில் செய்வதில் முக்கால்வாசி வேலை டில்லரிங். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளையும்வரை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது. ‘வளைவு பழக்குதல்’ என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். வில்லை ஒரு கட்டையில் கிடத்தி, கப்பி வழியாகக் கயிறு போட்டு, தூர நின்று இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் தொங்குதராசு. இதில் நான் கற்ற ஒரே பெரிய விதி, கடைசியில் எவ்வளவு பவுண்டு வேண்டுமோ அதற்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. எனக்கு வேண்டியது 45, தராசில் அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இழுப்பு 12 அங்குலம்தான் வந்திருந்தாலும் சரி. மரத்தைக் குறைக்கக் குறைக்க அதே 45-இல் இழுப்பு 15, 18, 22 என்று தானாக நீளும்.

ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டேன். சுரண்டியதன் விளைவு அதற்கப்புறம்தான் வளைவில் தெரியவரும், உடனே தெரியாது. இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் தேவைக்கு மேல் சுரண்டிவிடுகிறார்கள். ஐந்து அங்குல மரத்துண்டின் நடுவில் துளை போட்டுப் பென்சில் செருகி, வளைந்த வில்லின் வயிற்றில் ஓட்டினேன். நன்றாக வளைகிற இடத்தில் பென்சில் தொடாது. விறைத்து நிற்கிற இடத்தில் கோடு விழும், அங்கே மட்டும் சுரண்டினால் போதும். மேல்பாதியில் ஓரிடம் மட்டும் கீல் மாதிரி மடங்கத் தொடங்கியபோது, அதைத் தொடாமல் மற்ற இடங்களிலெல்லாம் மரத்தை எடுத்தேன். அங்கேதான் மூன்று பவுண்டு போனது. கடைசியில் 28 அங்குலத்தில் 42 பவுண்டு. அன்று எரிச்சலாக இருந்தது. வயிற்றை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் பழுப்பேறும்வரை வாட்டியிருந்ததால் இந்தத் தடவை தங்கிய வளைவு ஒரு அங்குலம்கூட இல்லை.

நாணுக்கு டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூல், கையால் முறுக்கியது. கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி ஆறரை அங்குலம், முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் கிட்டத்தட்ட அதே அளவு.

அம்பில் எனக்கு இரண்டு வாரம் போனது. இந்த மாதிரி வில்லில் அம்பு கைப்பிடியின் ஓரத்திலிருந்து கிளம்புகிறது, நடுவிலிருந்து அல்ல. அதனால் புறப்படும்போது அது பாம்பு போல நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அம்பு தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும். என் முதல் டஜன் அம்புகளும் அப்படித்தான் விலகின. நானோ என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இறகில்லாத அம்பை விட்டுப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. இப்போதைய அம்புகள் மெலிந்தவை, முனையோடு சேர்த்து 450 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறிய எடை அளவு). வில்லின் இழுவிசையில் ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெய்ன் என்பது வேட்டை அம்புக்கு வழக்கமான கணக்கு, நான் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன். எடை கூடினால் வில்லின் சத்தமும் குறையும்.

சத்தம் ஏன் முக்கியம் என்றால், என் வில்லின் வேகத்தை விநாடிக்கு 150 அடி என்று வையுங்கள். 20 கஜம், அதாவது 60 அடி தாண்ட அம்புக்கு 0.4 விநாடி. நாணின் சத்தத்துக்கோ சுமார் 0.05 விநாடிதான். மிச்சம் உள்ள நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் மான் குனிந்து துள்ளிவிடும். தூரக் கணிப்பும் அப்படித்தான். 25 கஜத்தை 20 என்று தப்பாக நினைத்து எய்தால் அம்பு 9 அங்குலத்துக்கு மேல் கீழே போகும். மானின் உயிர்நிலை சாப்பாட்டுத் தட்டு அளவுதான், சுமார் 8 அங்குலம். அதனால் என் எல்லை 15 கஜம். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்த வல்வில் ஓரி என்னை மன்னிக்கட்டும்.

நான் இன்னும் வேட்டைக்குப் போகவில்லை. தக்கை மான் பொம்மைமீதுதான் எல்லாம். ஆனால் அளவுகோல் வேட்டைக்காரனுடையது. காட்டில் கையைச் சூடாக்கிக்கொள்ளப் பத்து அம்பு விட யாரும் நேரம் தரமாட்டார்கள். அதனால் தினமும் காலையில் விடும் முதல் அம்பை மட்டும் குறிப்பேட்டில் எழுதுகிறேன். தட்டுக்குள் விழுந்ததா, இல்லையா. அடுத்த ஐம்பது அம்புக்கு மதிப்பெண் கிடையாது.

முதல் 30 நாளில் 11. அவமானமாக இருந்தது, சாயங்காலம் அதே இடத்தில் நின்று ஐந்துக்கு ஐந்து போடுகிறவனுக்கு. கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. விரல் வாயோரத்தைத் தொடுவதற்கு முன்பே நாணை விட்டுக்கொண்டிருந்தேன். 60 பவுண்டோடு மல்லுக்கட்டிய நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எடை தாங்காமல் சீக்கிரம் விட்டுவிட்டால் போதும் என்று உடம்பு கற்றுவைத்திருந்தது. 42 பவுண்டை எரிச்சலோடு பார்த்தவன், அன்றைக்கு அது இன்னும் இரண்டு குறைந்திருந்தாலும் நல்லது என்று எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரம் குறியே இல்லாமல் எய்தேன். மூன்று எட்டு தூரத்தில் வைக்கோல் கட்டு, கண் மூடியபடி. இழு, வாயோரம் தொடு, மூன்று எண்ணு, முதுகுத் தசை இறுகுவதை உணர்ந்த பிறகு விரலைத் தளர விடு, அம்பு தைத்த பிறகும் இடக்கை அங்கேயே நிற்கட்டும். இதைப் போலச் சலிப்பான பயிற்சி வேறில்லை. பாதி நாட்கள் அப்படியே இறக்கி வைத்துவிட்டேன், எய்யாமலே. இழுத்ததை எய்யாமல் இறக்கத் தெரிவதும் வேட்டைக்கு வேண்டியதுதான், மான் கடைசி நொடியில் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கலாம். பக்கவாட்டிலோ கொஞ்சம் அப்பால் திரும்பியோ நின்றால்தான் அம்பு நுரையீரலைத் துளைக்கும்.

அடுத்த 30 நாளில் 19. அதற்கடுத்த 30 நாளில் 26. தவறிய நான்கில் இரண்டு மழை நாட்கள். ஹிக்கரி ஈரத்தைக் குடிக்கும். தராசில் 39 காட்டியது, இரண்டு அம்பும் தட்டுக்குக் கீழே. ஆளிவிதை எண்ணெய் பூச்சு போதவில்லை போலிருக்கிறது, இப்போது மேலே ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிக் காயவைத்திருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் காரணம் நான்தான்.

இனி மண்டியிட்டு எய்வது. நேற்று முயன்றதில் வில்லின் கீழ்முனை தரையில் தட்டியது, 70 அங்குலத்துக்கு அது நடக்கும். வில்லைச் சாய்த்துப் பிடித்தால் தட்டாது, ஆனால் அம்பு விழும் இடம் மாறுகிறது. கணக்கை மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்று காலை: 12 கஜம், மண்டியிட்டபடி, தட்டுக்கு இடப்பக்கம் நான்கு விரல் வெளியே.