மைனஸ் 5, பிளஸ் 10: ஆயுதச் சமநிலைக்கு ஹவுஸ் ரூல் போட்டுப் பார்த்ததில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதாபாத்திர விளையாட்டின் 5ஆம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடும் மேசைகளில் ஒரே முறைப்பாடுதான் அடிக்கடி வரும்: கிரேட்சோர்டும் வில்லும் எதிரிகளை முடித்துவிடுகின்றன, இரட்டைக் கத்திக்காரர் வேடிக்கை பார்க்கிறார். உடனே சொந்த விதி (ஹவுஸ் ரூல்) போட்டுச் சேதப் பகடையில் கை வைக்கத் தோன்றும். கிரேட்சோர்டின் 2டி6ஐ (ஆறு முகப் பகடை இரண்டு) 1டி10 ஆக்கினால் சராசரி 7லிருந்து 5.5க்கு இறங்கும், அவ்வளவுதான். கிரேட் வெப்பன் மாஸ்டர், ஷார்ப்ஷூட்டர் ஃபீட்கள் (விருப்பமாக எடுக்கும் சிறப்புத் திறன்கள்) தாக்குதல் உருட்டலில் 5 கழித்துக்கொண்டால் சேதத்தில் தரும் +10 அசையாமல் நிற்கும். ஃபீட் எடுக்காதவருக்குத்தான் அடி.

கணக்குக்கு வைத்த அளவு: 5ஆம் லெவல், ஸ்ட்ரெங்த் 18 (அதாவது +4), லெவலோடு உயரும் புரொஃபிஷியன்சி +3, எதிரியின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15. தாக்குதல் போனஸ் +7, ஆகவே இருபது முகப் பகடையில் 8 விழுந்தால் போதும், 65%. சேதம் 2டி6+4, சராசரி 11. கிரிட்டிகலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சேர்த்தால் ஒரு வீச்சுக்கு 7.5. ஃபீட்டின் -5/+10 போட்டால் வாய்ப்பு 40% ஆகிறது, சேதம் 21 ஆகிறது, வீச்சுக்கு 8.75. லாபம் 1.25தான். இதற்கா இத்தனை சண்டை?

அட்வான்டேஜ் (பகடையை இரு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைத்ததும் கதை மாறுகிறது. சாதா வீச்சு 10.3, ஃபீட் வீச்சு 14.1, லாபம் மூன்று மடங்கு. ஏசி 18க்கு எதிரே அட்வான்டேஜ் இல்லாமல் வீசினால் 5.85க்கு 5.6, ஃபீட்தான் தோற்கிறது. ஆக, கோளாறு +10இல் மட்டும் இல்லை. அது ஒவ்வொரு அடிக்கும் சேர்வதும், அட்வான்டேஜ் -5ஐ விழுங்கிவிடுவதும்தான்.

பலரும் சொல்லும் திருத்தம்: -5/+10க்குப் பதில் புரொஃபிஷியன்சி அளவு கழித்து, அதன் இரு மடங்கைச் சேதத்தில் கூட்டுவது. 5ஆம் லெவலில் -3/+6. கேட்க நியாயமாக இருக்கிறது. போட்டுப் பார்த்தால் வீச்சுக்கு 8.85, பழையதைவிடக் கூடுதல்! அட்வான்டேஜில் 13.4, கொஞ்சம்தான் குறைகிறது. 17ஆம் லெவலில் -6/+12 வேறு. கைவிட வேண்டியதாயிற்று.

கூட்டல் கழித்தலைத் தொடாமல், ஒரு டர்னுக்கு ஒரே ஒரு தாக்குதலில் மட்டும் -5/+10 என்று வைத்தது நின்றது. அட்வான்டேஜுடன் இரண்டு தாக்குதல்: ஃபீட் இல்லாமல் 20.7, பழைய விதியில் 28.2, இதில் 24.5. பகடை உருட்டுமுன் அறிவிக்க வேண்டும். தவறினாலும் அந்த டர்னின் உரிமை போயிற்று. இதை எழுதி வைக்காவிட்டால் இரண்டாவது தாக்குதலில் “முன்னது படவில்லையே” என்ற வாதம் நிச்சயம்.

வில்லுக்கு இது மட்டும் போதாது. ஆர்ச்சரி ஃபைட்டிங் ஸ்டைல் (கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும் சண்டைப் பாணி) தாக்குதல் உருட்டலில் தரும் +2 இருக்கிறதே. அதே அளவுகளை டெக்ஸ்டெரிட்டிக்கு மாற்றி, லாங்போவில் 1டி8+4 கணக்கிட்டால் சாதா அம்பு 6.6, ஷார்ப்ஷூட்டர் அம்பு 9.5. அட்வான்டேஜ் எதுவும் இல்லாமலே இவ்வளவு லாபம், அதுவும் தூரத்தில் பத்திரமாக நின்றுகொண்டு. -5 அறிவித்த அம்புக்கு ஆர்ச்சரியின் +2 கிடையாது என்றால் 7.6 ஆகிறது. எதிரியின் மறைவை (கவர்) ஷார்ப்ஷூட்டர் புறக்கணிக்கும் சலுகையை அப்படியே விட்டுவிடலாம். அது வில்லாளியின் அழகு.

இரட்டை ஆயுதத்தின் தொல்லை சேதத்தைவிட போனஸ் ஆக்‌ஷனில்தான். டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் அந்தக் கூடுதல் செயலை இடக்கை அடி தின்றுவிடும். ஃபைட்டிங் ஸ்டைலுடன் இரண்டு ஷார்ட்சோர்டு டர்னுக்கு 15.2 தருகிறது, கிரேட்சோர்டு அதன் ஸ்டைலுடன் 16.9, வித்தியாசம் பெரிதில்லை. எனவே இடக்கை அடியை முதன்மைச் செயலான அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே சேர்த்தாயிற்று, டர்னுக்கு ஒரு முறை. (2024 விதிகளின் நிக் மாஸ்டரி என்ற ஆயுதத் திறனும் இதையேதான் செய்கிறது. அந்தப் பதிப்பில் -5/+10ம் இல்லை.) பக்கவிளைவு ஹன்டர்ஸ் மார்க்: எதிரி மேல் குறி போட்டு, படும் ஒவ்வொரு அடிக்கும் 1டி6 சேதம் கூட்டும் ரேஞ்சர் மந்திரம். அதைப் போடவும் மாற்றவும் அதே கூடுதல் செயல்தான் வேண்டும். முன்பு மந்திரம் போடும் டர்னிலும் குறியை மாற்றும் டர்னிலும் இடக்கை அடி போய்விடும். இப்போது அந்த விலை இல்லை. மூன்று தாக்குதலிலும் 1டி6 சேர, டர்னுக்கு 7.35 கூடுகிறது, கிரேட்சோர்டின் இரண்டு தாக்குதலுக்கு 4.9தான். ரேஞ்சர் இருக்கும் மேசையில் மட்டும், குறி போடும் அல்லது மாற்றும் டர்னில் இடக்கை அடி இல்லை என்ற பழைய கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாகிறது.

11ஆம் லெவல் ஃபைட்டருக்கு மூன்று தாக்குதல் வரும்போது இடக்கை மறுபடி பின்தங்கும். அங்கே இரண்டாவது இடக்கை அடி கொடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.