83ஆம் பக்கம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் 2011இல் தொடங்கிய இலக்கிய விழாவுக்கு லூனாஸிலிருந்து மச்சானின் மோட்டாரில் பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதுதான் என் வழக்கம். மேடை ஏறியது போன மாதம், வேறோர் ஊரில். முதல் நாவல் அல்லவா, உள்ளங்கையெல்லாம் வேர்வை.

அழைப்பிதழில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம், சரி, விடுங்கள். பேச 15 நிமிடம் என்றார்கள். எனக்கு முன் பேசியவர் இறங்க மனமில்லாமல் இழுத்ததில் மிஞ்சியது 6. எழுதிப்போன கட்டுரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் காட்சியை மட்டும் வாசித்தேன்: விடியாத இருட்டு, தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுகிறார், அம்மா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பால் வாளியைக் கையில் தூக்குகிறாள்.

முடிந்ததும் ஒரு பாட்டி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ரெண்டு வாளியையும் காண்டா கம்புல மாட்டித் தோள்லதான் போடுவோம். இங்க பாரு" என்று சட்டைக் கழுத்தை லேசாக விலக்கிக் காட்டினார். காய்த்துப்போன தோள்.

விற்றது 4 பிரதி. அதில் ஒன்றைப் பாட்டியின் பேத்தி வாங்கினாள், 83ஆம் பக்கத்தில் பேனாவால் நானே திருத்திக் கொடுத்தேன்.