மாத்திரையை மறுபடி தொடங்கினேன்

நாள் தள்ளிப்போனதும் பயத்தில், மனச்சோர்வுக்கு எடுத்துவந்த செர்ட்ரலின் மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். மூன்றே வாரம். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து அடுப்பை அணைக்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் ஓடிவந்து அணைத்தார்.

மனநல மருத்துவர் திட்டவில்லை. பராக்ஸெடின் என்கிற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை என்றால் மாற்ற யோசித்திருப்பாராம், குழந்தையின் இதயம் பற்றிய கவலை அதில் உண்டு. செர்ட்ரலின் கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுப்பதுதான். பிறந்ததும் குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், சிணுங்கல் இருக்கலாம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனச்சோர்வை அப்படியே விட்டாலும் குறைப்பிரசவ ஆபத்து கூடுமாம். அதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

மறுபடி 50 மில்லிகிராம் தொடங்கிவிட்டேன். யோசிக்காமல் எடுத்த முடிவு இல்லை. “பிள்ளைக்கு ஆகாதும்மா” என்கிறார் அத்தை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

அடுத்த வாரம் ஐந்தாம் மாத ஸ்கேன். அத்தையும் கூட வருகிறார்.